சோப்பு எண்ணெயில் தெரியும் அணுக்கதிர்

வடசென்னையில் சலவைத்தூளும் பாத்திரம் தேய்க்கும் திரவமும் தயாரிக்கும் சிறு பட்டறைக்காரர்களுக்கு ‘ஆசிட் ஸ்லரி’ என்றால் விளக்கம் தேவையில்லை. கரும்பழுப்பு நிறத்தில் பாகு போலக் கெட்டியாகக் கேனில் வரும் அமிலம் அது. காஸ்டிக் சோடா சேர்த்துச் சமன் செய்தால் நுரைக்கும் சரக்கு தயார். அந்த ஸ்லரி எந்த எண்ணெயிலிருந்து வருகிறதோ அதற்கு லீனியர் ஆல்கைல் பென்சீன் என்று பெயர், தொழிலில் எல்.ஏ.பி. என்பார்கள். மணலியில் 1980களில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலையின் முதன்மைச் சரக்கு இதுதான். மண்ணெண்ணெயிலிருந்து 10 முதல் 13 கார்பன் நீளமுள்ள நேர்ச்சங்கிலிகளைப் பிரித்தெடுத்து, கொஞ்சம் ஹைட்ரஜனை நீக்கி, பென்சீன் வளையத்தோடு இணைத்தால் எல்.ஏ.பி. கிடைத்துவிடும். தண்ணீர் போலத் தெளிவாக, லேசான வாசனையோடு இருக்கும்.

சீனாவின் ஜியாங்மென் நகருக்கு அருகே, 700 மீட்டர் ஆழத்தில், 35.4 மீட்டர் விட்டமுள்ள அக்ரிலிக் கோளம் ஒன்றில் இதே எண்ணெய் 20,000 டன் நிரப்பப்பட்டிருக்கிறது. பொருளோடு மிக அரிதாகவே மோதும் நுண்துகளான நியூட்ரினோவைத் தேடும் ஜூனோ என்னும் அந்த ஆய்வகம் 2025 ஆகஸ்ட் 26 அன்று தரவு சேகரிக்கத் தொடங்கியது. எண்ணெயில் ஒவ்வொரு லிட்டருக்கும் 2.5 கிராம் பிபிஓ என்ற வெள்ளைத் தூளும், 3 மில்லிகிராம் பிஸ்-எம்எஸ்பி என்ற இன்னொரு தூளும் கரைக்கப்பட்டுள்ளன. சேர்மானம் அவ்வளவுதான். கதிர்வீச்சு பட்டால் ஒளிரும் திரவங்களில் ரகசியச் சூத்திரம் என்று ஏதும் பெரிதாக இல்லை. பிறந்த ஒளி வழியில் தொலையாமல் கருவி வரை வந்து சேருவதுதான் பாடு. நியூட்ரினோ கோளத்துக்கும், பரிசோதனைக்கூடத்தில் விரல் உயரக் குப்பியில் கிணற்றுநீரைச் சோதிப்பவருக்கும் இது ஒரே மாதிரிப் பொருந்தும்.

நீல ஒளி பிறக்கும் விதம்

பென்சீன் வளையத்தில் தளர்வாகச் சுற்றும் பை எலக்ட்ரான்கள் இருக்கின்றன. கதிரியக்கத்தில் வெளிப்படும் பீட்டா துகளோ ஆல்பா துகளோ திரவத்துக்குள் பாயும்போது அது இழக்கும் ஆற்றலில் ஒரு பகுதி இந்த எலக்ட்ரான்களைக் கிளர்த்துகிறது. கிளர்ந்த எல்.ஏ.பி. மூலக்கூறு தானே ஒளியை உமிழ்ந்தால் அது புற ஊதாவில் இருக்கும். பக்கத்து மூலக்கூறே அதை விழுங்கிவிடும். அதனால்தான் பிபிஓ தேவைப்படுகிறது. கரைப்பான் தன் ஆற்றலைப் பெரும்பாலும் ஒளியாக்காமலே பிபிஓவுக்குக் கைமாற்றிவிடுகிறது. பிபிஓ சில நானோ நொடிகளுக்குள் 360 - 380 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிர்கிறது. பிஸ்-எம்எஸ்பி அல்லது அதே வேலையைச் செய்யும் பாப்பாப் என்ற தூள் அந்த ஒளியை வாங்கி 420 - 430 நானோமீட்டர் நீல ஒளியாக மாற்றித் தருகிறது. ஒளியை மின்துடிப்பாக மாற்றும் ஒளிபெருக்கிக் குழாய்களின் ஒளிமுனைக்கு அந்த நீலம் நன்றாகப் புலப்படும்.

இந்த இரண்டாவது தூள் எல்லாருக்கும் அவசியம்தானா? 20 மில்லிலிட்டர் குப்பிக்கு இன்று அவ்வளவு அவசியமில்லை. இன்றைய குழாய்கள் பிபிஓவின் ஒளியையே நன்றாகப் பார்க்கும். பத்து மீட்டர், இருபது மீட்டர் திரவத்தைக் கடக்க வேண்டிய ஒளிக்குத்தான் அது உயிர்நாடி. பிபிஓ தான் உமிழ்ந்ததில் ஒரு பகுதியைத் தானே திரும்ப விழுங்கும்; நீலத்துக்கு மாறிவிட்ட ஒளியை விழுங்க ஆளில்லை. பிபிஓவைக் கூடுதலாகப் போட்டால் ஒளி கூடும் என்று நினைப்பதும் தவறு. குப்பிகளுக்கு லிட்டருக்கு 4 - 6 கிராம் போதும். அதற்கு மேல் தன்விழுங்கலும், தூளோடு ஒட்டிவரும் அசுத்தங்களும்தான் கூடும்.

எவ்வளவு ஒளி என்று பார்த்தால் இந்த வேலையின் நுணுக்கம் புரியும். ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு நல்ல திரவம் ஏறத்தாழ 10,000 ஒளித்துகள்களைத் தரும். கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியத்தின் பீட்டா துகளுக்குச் சராசரி ஆற்றல் 5.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான். அப்படியானால் மிகச் சாதகமான கணக்கிலும் 57 ஒளித்துகள்கள். ஒளிபெருக்கிக் குழாய் நான்கில் ஒன்றைத்தான் எலக்ட்ரானாக மாற்றும். மிஞ்சுவது பதினைந்துக்கும் கீழே. தண்ணீர் கலந்த திரவத்தில் இது இன்னும் குறையும். குழாயோ இருட்டிலும் வெப்பத்தால் தானாகத் துடித்துக்கொண்டிருக்கும். எனவே குப்பியின் இரு பக்கமும் இரண்டு குழாய்களை வைத்து, ஏறத்தாழ 20 நானோ நொடிக்குள் இரண்டும் சேர்ந்து துடித்தால் மட்டுமே எண்ணிக்கையில் சேர்க்கிறார்கள். மிஞ்சிய சில ஒளித்துகளில் ஒரு குழாய்க்கு ஒன்றுகூடப் போய்ச் சேராவிட்டால் அந்தச் சிதைவு நடந்ததே பதிவாகாது.

இத்தனை சிரமப்பட்டு ஏன் திரவத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்? டிரிட்டியத்தின் பீட்டா துகள் தண்ணீரில் சில மைக்ரோமீட்டர் தூரம்கூடத் தாண்டாது. கெய்கர் குழாயின் மெல்லிய சாளரத்தைத் துளைக்க அதற்கு வலுவில்லை. மாதிரியை உணர்பொருளுக்குள்ளேயே கரைத்துவிட்டால் துகள் எங்கும் பயணிக்க வேண்டியதில்லை. பிறந்த இடத்திலேயே ஒளியாகிவிடும். டிரிட்டியம், கார்பன்-14, நிக்கல்-63 ஆகிய மூன்றுக்கும் சாதாரணக் கூடத்தில் இதற்கு ஈடான எளிய வழி இல்லை. மணலியிலோ எண்ணூரிலோ ஒரு தொழிற்சாலைப் பரிசோதனைக்கூடத்தில் எலக்ட்ரான் பிடிப்பு உணரி பொருத்திய கேஸ் குரோமட்டோகிராஃப் (கலவையை ஆவியாக்கிப் பிரித்தறியும் கருவி) இருந்தால், அதற்குள் பெரும்பாலும் நிக்கல்-63 தகடு இருக்கும். அது கசிகிறதா என்று பார்க்க, கையில் பிடிக்கும் சாதாரண மீட்டரைக் காட்டி ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக் கொடுப்பது ஏமாற்று. அதன் பீட்டாவுக்கு உச்ச ஆற்றலே 67 கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான்; மீட்டர் அதைப் பார்க்காது. ஆல்கஹாலில் நனைத்த வடிதாளால் துடைத்து, தாளைக் குப்பியில் போட்டு, ஒளிர்திரவம் ஊற்றி எண்ண வேண்டும். மூடிய கதிர்மூலங்களின் கசிவுக்கு வழக்கமாகக் கொள்ளப்படும் எல்லை 185 பெக்கரெல், அதாவது நிமிடத்துக்கு 11,100 சிதைவு. ஒளிர்திரவத்துக்கு இது மிக எளிய அளவு.

குப்பிக்குள் என்ன ஊற்றுவது

பழைய கூடங்களில் தாங்களே கலந்துகொண்ட செய்முறை இது: ஒரு லிட்டர் டொலுவீனில் 4 - 5 கிராம் பிபிஓ, 0.1 கிராம் பாப்பாப். பாப்பாப் மெதுவாகத்தான் கரையும். காந்தக் கலக்கியில் சில மணி நேரம் விட வேண்டும், அவசரப்பட்டு அடுப்பில் வைக்கக் கூடாது. டொலுவீனின் தீப்பற்று வெப்பநிலை 4 டிகிரி. சென்னையில் வருடத்தின் எந்த நாளிலும் அதன் ஆவி தீப்பிடிக்கத் தயாராகவே இருக்கும். தண்ணீர் மாதிரிகளுக்கு இந்தக் கலவையில் இரண்டு பங்கு எடுத்து, டிரைட்டன் எக்ஸ்-100 என்ற சோப்புவகைப் பொருளை ஒரு பங்கு சேர்ப்பார்கள். எண்ணெயும் தண்ணீரும் ஒன்றுசேர இங்கும் சோப்பின் தயவு வேண்டியிருக்கிறது.

இன்று கடையில் தயாராகக் கலந்தே வாங்கும் ஒளிர்திரவமான ‘காக்டெய்ல்’ பெரும்பாலும் டை-ஐசோபுரொப்பைல் நாப்தலீனிலோ எல்.ஏ.பி.யிலோ ஆனது. இரண்டுக்கும் தீப்பற்று வெப்பநிலை 100 டிகிரிக்கு மேல். வாசனை குறைவு, பிளாஸ்டிக் குப்பியை ஊடுருவுவதும் குறைவு. டொலுவீன் அல்லது சைலீன் கலவையைப் பாலிஎதிலீன் குப்பியில் ஊற்றினால் சுவர் உப்பி, திரவம் மெல்லக் கசிந்து, நாளுக்கு நாள் அளவு மாறும். கண்ணாடிக் குப்பி என்றால் பொட்டாசியம் குறைந்த போரோசிலிகேட்டாக இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடியில் உள்ள பொட்டாசியம்-40, மாதிரி இல்லாமலே பதிவாகும் பின்னணி எண்ணிக்கையை ஏற்றிவிடும். பணம் இருந்தால் நல்ல காக்டெய்லை வாங்குங்கள். செலவைக் குறைக்க டொலுவீனுக்குத் திரும்புவது, குளிரூட்டிய மூடிய அறையில் பலர் வேலை செய்யும் இன்றைய கூடங்களுக்கு ஏற்றதல்ல.

மீஞ்சூர்க் கிணறு

மீஞ்சூர், அத்திப்பட்டு பக்கத்துக் கிணறுகள் உப்புக் கரிப்பது அரை நூற்றாண்டாகப் பேசப்படும் விஷயம். சென்னைக்கு இங்கிருந்து நிலத்தடி நீர் பெருமளவில் இறைக்கப்பட்டதால் கடல்நீர் உள்ளே நகர்ந்தது. அந்த உப்புநீரில் எவ்வளவு அண்மைக்கால மழை கலந்திருக்கிறது, எவ்வளவு மண்ணுக்குள் நெடுங்காலமாகத் தேங்கிக் கிடந்தது என்று கேட்டால், டிரிட்டியம் ஒரு சாட்சி. அதன் அரை ஆயுள் 12.32 ஆண்டு. நிலத்துக்குள் இறங்கி நூறு ஆண்டான நீரில் அது அநேகமாக இராது. 1950களிலும் 60களிலும் நடந்த வளிமண்டல அணுகுண்டுச் சோதனைகள் மழையில் பெருமளவு டிரிட்டியத்தைக் கொட்டின, 1963இல் உச்சம். அந்த உச்சத்து மழைநீர் ஐந்து அரை ஆயுளைக் கடந்துவிட்டது, 32இல் ஒரு பங்குதான் பாக்கி. அதனால் இருபது ஆண்டுக்கு முன் இருந்ததைவிட இன்று இந்தச் சாட்சியின் குரல் மெலிந்திருக்கிறது. டிரிட்டியத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் குளோரைடு, ஆக்சிஜன்-18 அளவுகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

சோதனையின் படிகள் கடினமானவை அல்ல; கவனம்தான் வேண்டும். மாதிரியைப் புட்டியின் விளிம்பு வரை நிரப்பி இறுக மூடுங்கள். உலோகச் சோதனைக்குச் செய்வது போல அமிலம் சேர்க்க வேண்டாம். இருட்டில் மின்னும் டிரிட்டியம் முட்களுள்ள கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். 100 மில்லிலிட்டர் மாதிரியில் 0.5 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடும் 0.1 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் சேர்த்து வாலை வடிக்க வேண்டும். காரம், ஆவியாகக்கூடிய அயோடினையும் கார்பனேட்டையும் குடுவையிலேயே பிடித்துவைக்கும். பெர்மாங்கனேட், கரிமப் பொருள்களை எரித்துவிடும். முதலில் வரும் 10 மில்லிலிட்டரைக் கொட்டிவிட்டு அடுத்த 50 மில்லிலிட்டரைச் சேகரியுங்கள். எண்ணூர் முகத்துவாரத்து நீரானாலும் சரி, உப்பும் நிறமும் குடுவையின் அடியில் தங்கிவிடும்.

வடித்த நீரில் 8 மில்லிலிட்டரும் காக்டெய்லில் 12 மில்லிலிட்டரும் ஒரு குப்பியில். நன்றாகக் குலுக்கி, கலவை முழுக்கத் தெளிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். பிறகு குப்பியின் வெளிச்சுவரை ஆல்கஹாலால் துடைத்து, ஓர் இரவு முழுக்க இருட்டில் வையுங்கள். கூடவே இரண்டு குப்பிகள் கட்டாயம்: டிரிட்டியம் இல்லாத பழைய ஆழ்நிலத்தடி நீரை இதே போல வடித்து நிரப்பிய ஒன்று, அளவு தெரிந்த டிரிட்டியம் சேர்த்த ஒன்று. கருவி இவற்றை மாற்றி மாற்றி எண்ண வேண்டும். மாதிரியைப் பகலிலும் வெற்றுக்குப்பியை இரவிலும் எண்ணினால் அறை வெப்பநிலையின் ஏற்ற இறக்கம் முடிவுக்குள் நுழைந்துவிடும்.

இதனால் எவ்வளவு குறைந்த அளவைப் பார்க்க முடியும்? பின்னணி நிமிடத்துக்கு 2, எண்ணும் நேரம் 500 நிமிடம், திறன் (நடக்கும் சிதைவுகளில் எண்ணிக்கையில் பிடிபடும் பங்கு) 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பின்னணி மொத்தம் 1,000 எண்ணிக்கை. அதன் வர்க்கமூலம் 31.6. கண்டறியும் எல்லைக்கான வழக்கமான சூத்திரப்படி அதை 4.65ஆல் பெருக்கி 2.71 கூட்டினால் 150. இதை 0.25 × 0.008 லிட்டர் × 30,000 நொடியால், அதாவது 60ஆல் வகுத்தால் லிட்டருக்கு 2.5 பெக்கரெல். குடிநீர்ப் பாதுகாப்புக்கு இது தேவைக்கும் மேலே. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10,000 பெக்கரெல். ஆனால் கிணற்றுநீரின் வயதைக் கேட்பவருக்கு இது போதாது. ஒரு டிரிட்டியம் அலகு லிட்டருக்கு 0.118 பெக்கரெல்; நம் எல்லை 21 அலகில் நிற்கிறது. இன்றைய கடலோர மழையில் இருப்பது சில அலகுகளே.

ஆகவே மின்பகுப்பால் செறிவூட்ட வேண்டும். சோடியம் பெராக்சைடு கொஞ்சம் சேர்த்து 250 மில்லிலிட்டரை 15 மில்லிலிட்டர் அளவுக்குச் சுருக்கினால், லேசான ஹைட்ரஜன் முந்திக்கொண்டு வெளியேறி டிரிட்டியம் பின்தங்கும். இதற்கு ஏறத்தாழ 700 ஆம்பியர்-மணி மின்சாரம் பிடிக்கும். 4 ஆம்பியரில் ஒரு வாரத்துக்குச் சற்று மேல். கலன்களைப் பூஜ்யத்துக்கும் 5 டிகிரிக்கும் இடையில் வைக்க வேண்டும், இல்லையென்றால் நீர் வெறும் ஆவியாகப் போய்க் கணக்கு கெடும். வெளிவருவது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த வெடிவாயு என்பதால் காற்றோட்டம் பார்த்துச் செய்யுங்கள். நடுவில் மின்தடை வந்தால் இரும்பு எதிர்மின்வாய் துருப்பிடிக்கத் தொடங்கும், ஆம்பியர்-மணிக் கணக்கும் அறுந்துபோகும்; யு.பி.எஸ். இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். முடிந்ததும் மிஞ்சியிருக்கும் காரத்தைச் சமன் செய்து மறுபடி வடிக்க வேண்டும். ஒரு வாரம் பாடுபட்டுவிட்டு இந்தக் கடைசி வடிப்பில் சோம்பினால் என்ன ஆகும் என்பது கீழே வருகிறது.

ஒளி தொலையும் இடங்கள், பொய்யாக ஒளிரும் இடங்கள்

ஒளியைத் தின்னும் பொருள்கள் இரண்டு வகை. ஒரு வகை, கரைப்பானிலிருந்து பிபிஓவுக்கு ஆற்றல் போகும் வழியிலேயே அதை வெப்பமாக்கிவிடும்: கார்பன் டெட்ராகுளோரைடு, குளோரோஃபார்ம், நைட்ரோமீத்தேன், அசிட்டோன். காற்றிலிருந்து கரையும் ஆக்சிஜனும் இந்தக் கூட்டம்தான். குப்பியை அசிட்டோனால் கழுவி அரைகுறையாக உலர்த்திவிட்டு ‘இன்றைக்கு எண்ணிக்கை குறைவு’ என்று வருந்துவது அடிக்கடி நடக்கிறது. இன்னொரு வகை, பிறந்த நீல ஒளியை விழுங்கும் நிறங்கள்: இரும்பின் மஞ்சள், இலைமட்கின் பழுப்பு, சிறுநீரின் மஞ்சள். கனநீர் உலைகளில் பணிபுரிவோரின் உடலில் டிரிட்டியம் சேர்ந்திருக்கிறதா என்று சிறுநீரை வைத்துத்தான் பார்க்கிறார்கள்; அங்கே இந்த நிறம் தினசரித் தொல்லை.

இழப்பை அளக்க, கருவி குப்பியின் அடியில் ஒரு காமா மூலத்தைக் கொண்டுவந்து நிறுத்தும். சில கருவிகளில் பேரியம்-133, சிலவற்றில் யூரோப்பியம்-152. அது திரவத்தில் எழுப்பும் ஒளியின் வடிவத்திலிருந்து ஒரு குறியெண் கிடைக்கும். ஒரே அளவு டிரிட்டியம் உள்ள பத்துக் குப்பிகளில் நைட்ரோமீத்தேனைப் படிப்படியாகக் கூட்டி, குறியெண்ணுக்கு எவ்வளவு திறன் என்று வளைகோடு வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வளைகோடு அதே காக்டெய்லுக்கும், அதே கலப்பு விகிதத்துக்கும், அதே குப்பிக்கும் மட்டுமே செல்லும். கண்ணாடிக் குப்பியில் வரைந்ததைப் பிளாஸ்டிக் குப்பிக்கு வைத்துப் பார்ப்பது, திட்டமிட்டே தவறான விடை எழுதுவதற்குச் சமம்.

பொய்யொளி இதைவிட ஆபத்து, ஏனென்றால் அது இல்லாத கதிரியக்கத்தைக் காட்டும். காரமும் பெராக்சைடும் மிஞ்சிய மாதிரியில் வேதிவினையே ஒளியை உமிழும். ஒவ்வொன்றும் ஒற்றை ஒளித்துகள்தான், ஆனாலும் நொடிக்குப் பல்லாயிரம் என்று வந்தால் தற்செயலாகவே இரண்டு குழாய்களும் சேர்ந்து துடித்துவிடும். செறிவூட்டிய நீரைச் சரியாக வடிக்காமல் காக்டெய்லில் ஊற்றினால் நடப்பது இது. ஒரு வாரச் சேகரிப்பு, பொய் எண்ணிக்கையில் முடியும். மணிக்கணக்கில் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போனால் அது வேதியொளி என்று அடையாளம் காணலாம். டிரிட்டியம் ஒரு நாளில் அப்படி இறங்காது. வெயிலிலோ டியூப்லைட் அடியிலோ வைத்த குப்பியும் கொஞ்ச நேரம் தானாக ஒளிரும், அதற்காகத்தான் ஓர் இரவு இருட்டு. ஏசி அறையின் உலர்ந்த காற்றில் ரப்பர் கையுறையோடு பிளாஸ்டிக் குப்பியைத் தேய்த்தால் நிலைமின்சாரப் பொறி எழும்பி, அதுவும் எண்ணிக்கையில் சேரும்.

சென்னைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. காக்டெய்ல் எவ்வளவு தண்ணீரைத் தாங்கும் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. 20 டிகிரியில் தெளிவாக இருந்த 8-க்கு-12 கலவை, ஏசி நின்று அறை 32 டிகிரிக்கு ஏறியதும் பால்போலக் கலங்கலாம், இரண்டு அடுக்காகவும் பிரியலாம். பிரிந்தால் டிரிட்டியம் கீழே தண்ணீரோடு போய்விடும், ஒளிர்திரவம் மேலே நிற்கும், எண்ணிக்கை சரியும். இதில் கெட்ட விஷயம், காமா மூலத்தால் எடுக்கும் குறியெண் மேலடுக்கை மட்டும் பார்த்து ‘எல்லாம் சரி’ என்று சொல்லக்கூடும். எண்ணி முடித்து வெளியே எடுக்கும் ஒவ்வொரு குப்பியையும் மீண்டும் கண்ணால் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். குளிரூட்டிய கருவியிலிருந்து எடுத்த குப்பியில் ஈரக்காற்று உடனே முத்துமுத்தாகப் படியும். துடைத்துவிட்டுப் பாருங்கள், கலங்கல் வெளியேயா உள்ளேயா என்று அப்போதுதான் தெரியும்.

மொத்த பீட்டாவின் பொறி

இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, மொத்த ஆல்பாவுக்கு லிட்டருக்கு 0.1 பெக்கரெலும் மொத்த பீட்டாவுக்கு 1 பெக்கரெலும் எல்லையாக வைக்கிறது. எண்ணூர், மீஞ்சூர் கிணற்றுநீரில் பீட்டா இந்த எல்லையைத் தாண்டியதாக ஓர் அறிக்கை வந்தால், அனல்மின் நிலையச் சாம்பலையோ கல்பாக்கத்தையோ சந்தேகிக்கும் முன் பொட்டாசியத்தை அளந்து பாருங்கள். இயற்கைப் பொட்டாசியம் ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ 28 பெக்கரெல் பீட்டா தரும். கடல்நீரில் லிட்டருக்கு 0.4 கிராம் பொட்டாசியம் உண்டு. பீட்டா 11 பெக்கரெல். ஒரு பங்கு கடல்நீரும் ஒன்பது பங்கு நன்னீரும் கலந்த கிணறே எல்லையைத் தாண்டிவிடும். அது உப்பின் செய்தி, அணுக்கழிவின் செய்தியல்ல. ஃபிளேம் போட்டோமீட்டரில் பொட்டாசியத்தை அளந்து கழித்த பிறகும் மிச்சம் இருந்தால்தான் மேலே விசாரிக்க வேண்டும். மக்களுக்கு எண்ணைச் சொல்லிவிட்டுப் பொட்டாசியத்தைச் சொல்லாமல் விடுவது பெரிய அநியாயம்.

ஆல்பாவைப் பிரித்தெடுப்பதில் ஒளிர்திரவம் அழகாக வேலை செய்கிறது. ஆல்பா துகள் தன் பாதையில் அயனிகளை மிக அடர்த்தியாகக் குவிப்பதால் ஒளியின் பெரும்பகுதி அங்கேயே அவிந்துபோகும். 5 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆல்பா, அதில் பத்தில் ஒரு பங்கு ஆற்றலுள்ள எலக்ட்ரான் போலத்தான் தெரியும். ஆனால் அதன் ஒளித்துடிப்புக்கு வால் நீளம். வாலின் நீளத்தைப் பார்த்து ஆல்பாவையும் பீட்டாவையும் தனித்தனியாக எண்ணலாம், ஆல்பாவுக்குத் திறன் ஏறத்தாழ 100 சதவீதம். இதே உத்தியைக் கொண்டு வேகமான நியூட்ரான்களையும் காமாவிலிருந்து பிரிக்கிறார்கள்.

ரேடான் என்ற கதிரியக்க வாயுவை அளப்பது இன்னும் எளிது. குழாயிலிருந்து குமிழி எழாமல் நீரைப் பிடித்து, ஊசியால் 10 மில்லிலிட்டரை, கனிம எண்ணெய் கலந்த 10 மில்லிலிட்டர் காக்டெய்லுக்கு அடியில் மெதுவாகச் செலுத்துங்கள். மூடிக் குலுக்கி 3 மணி நேரம் காத்திருந்தால் ரேடான் எண்ணெய்க்கு ஏறிவிடும், அது சிதைந்து பிறக்கும் குறுகிய ஆயுள் வாரிசுகளும் சமநிலைக்கு வந்துவிடும். ஒரு ரேடான் சிதைவுக்கு மூன்று ஆல்பா, இரண்டு பீட்டா என்று ஐந்து ஒளித்துடிப்பு வரை கிடைக்கும்.

காமாவின் ஆற்றலைப் பிரித்துச் சொல்வதற்கு மட்டும் இந்தத் திரவங்களை நம்பக் கூடாது. கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே இருப்பதால் காமா கதிர் தன் முழு ஆற்றலையும் இங்கே விட்டுவிடாது. சீசியமா கோபால்ட்டா என்று தெளிவாகத் தெரியாது. டெல்லி மாயாபுரியில் 2010இல் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்த கோபால்ட்-60 போன்ற ஆபத்தைக் காயலான் கடை வாசலில் பிடிக்கக் கையடக்கக் காமா மீட்டர்தான் சரி.

தண்டையார்பேட்டைப் பெட்ரோலும் கார்பன்-14உம்

எல்.ஏ.பி. பெட்ரோலியத்திலிருந்து வருவதில் ஒரு பேருதவி ஒளிந்திருக்கிறது. கார்பன்-14இன் அரை ஆயுள் 5,730 ஆண்டு. கோடிக்கணக்கான ஆண்டு புதைந்து கிடந்த எண்ணெயில் அது ஏறக்குறைய முற்றிலும் சிதைந்துவிட்டது. தாவர எண்ணெயிலிருந்து இதே மூலக்கூறைத் தயாரித்தால் ஒவ்வொரு கிராம் கார்பனும் நிமிடத்துக்கு 13 அல்லது 14 முறை சிதைந்து தானாகவே ஒளிரும்; 20,000 டன் கோளத்தில் அது பேரிரைச்சல்.

இதே வேறுபாட்டைத் திருப்பிப் போட்டால் ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. தண்டையார்பேட்டை எரிபொருள் கிடங்கிலிருந்து கிளம்பும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் அந்த எத்தனால் கரும்பிலிருந்தோ தானியத்திலிருந்தோ வந்ததா, பெட்ரோலியத்திலிருந்து வந்ததா? 10 மில்லிலிட்டர் பெட்ரோலில் 2 மில்லிலிட்டர் எத்தனால், எடையில் 1.58 கிராம், அதில் கார்பன் 0.82 கிராம். பயிரிலிருந்து வந்திருந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11 சிதைவு. பின்னணி குறைந்த கருவிக்கு இது போதும். பெட்ரோலின் மஞ்சள் நிறம் ஒளியைத் தின்னும் என்பதால் ஒவ்வொரு மாதிரியிலும் அளவு தெரிந்த கார்பன்-14ஐச் சேர்த்து மறுபடி எண்ணித் திறனைக் கணக்கிட வேண்டும். பொது வளைகோடு இங்கே எடுபடாது.

சலவைத் தரத்திலிருந்து நியூட்ரினோ தரத்துக்கு

நியூட்ரினோ என்றதும் தமிழ்நாட்டில் தேனி பொட்டிப்புரம் நினைவுக்கு வரும். அங்கே திட்டமிடப்பட்டது 50,000 டன் காந்த இரும்புத் தகடுகளும் இடையில் வாயு உணரிகளும். அதில் ஒளிர்திரவம் கிடையாது. திரவத்தின் வரலாறு தனி. 1956இல் ரெய்ன்ஸும் கோவனும் அமெரிக்காவின் சவன்னா ரிவர் அணு உலை அருகே நியூட்ரினோவை முதன்முதலில் கண்டது, காட்மியம் குளோரைடு கரைத்த தண்ணீர்த் தொட்டிகளுக்கு மேலும் கீழும் வைத்த ஒளிர்திரவத் தொட்டிகளால்தான். இத்தாலியின் பொரெக்சினோ ஆய்வகம் சூடோகுமீன் என்ற கரைப்பானைப் பயன்படுத்தியது. அதன் தீப்பற்று வெப்பநிலை 50 டிகிரிக்குக் கீழே, அக்ரிலிக்கையும் அரிக்கும். கனடாவின் ஸ்னோ-பிளஸ் ஆய்வகம் 12 மீட்டர் அக்ரிலிக் கோளத்தில் 780 டன் எல்.ஏ.பி.யை நிரப்பியதற்கு முக்கியக் காரணம், அது அக்ரிலிக்கோடு சண்டை போடாது என்பதுதான். சோப்புத் தொழிலுக்காக ஏற்கெனவே லட்சக்கணக்கான டன் தயாராவதால் விலையும் கட்டுப்படியாகிறது.

ஆனால் சலவைத் தூளுக்குப் போதுமான எண்ணெய் இங்கே போதாது. ஜூனோவில் 430 நானோமீட்டர் நீல ஒளி 20 மீட்டருக்கு மேல் சென்ற பிறகுதான் மூன்றில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். கூடத்தில் வழக்கமாக வைத்திருக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் 10 சென்டிமீட்டர் கலத்தில் அளந்தால் அந்த எண்ணெய் விழுங்குவது அரை சதவீதம். கருவி காட்டும் உட்கவர் அளவு (ஒளி விழுங்கப்படுவதன் மடக்கை அளவு) 0.002. கருவியின் சொந்த ஆட்டமே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். ‘எங்கள் எண்ணெய் கண்ணாடி போல’ என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு மீட்டர் அல்லது அதற்கும் நீளமான குழாயில் ஒளியைச் செலுத்தித்தான் பார்க்க வேண்டும்.

ஜூனோவில் எண்ணெய் கடந்துவரும் வழி இது. முதலில் அலுமினாத் தூள் நிரப்பிய தூண். நிறம் தரும் ஆக்சிஜனேற்றப் பொருள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து வெற்றிடத்தில் வாலை வடிப்பு; யுரேனியம், தோரியம், பொட்டாசியம் போன்ற கனமான உலோகங்கள் அடியில் தங்கும். அதன்பின் பிபிஓவும் பிஸ்-எம்எஸ்பியும் கலக்கப்படும். தூள்களே அசுத்தத்தைக் கொண்டுவரும் என்பதால் கலந்த பிறகு மிகத் தூய நீரால் ஒருமுறை கழுவுகிறார்கள். கடைசியில் வாயு செலுத்தி ரேடான், கிரிப்டான், ஆர்கான் ஆகியவற்றை வெளியேற்றுகிறார்கள். ஒரு கிராம் திரவத்தில் யுரேனியமும் தோரியமும் தலா 10⁻¹⁷ கிராம் அளவுக்கு இறங்க வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட குறி.

இவ்வளவும் செய்த பிறகு திரவம் காற்றைத் தொடவே கூடாது. ஆக்சிஜன் கரைந்தால் ஒளி குறையும், நாளடைவில் மஞ்சள் ஏறும். அறைக்காற்றின் ரேடான் கரைந்தால் அதன் வாரிசான காரீயம்-210, 22 ஆண்டு அரை ஆயுளோடு உள்ளே தங்கிவிடும். எனவே டேங்கர் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும், அதற்கு முன் வேறு சரக்கு ஏற்றியதாக இருக்கக் கூடாது, திரவத்தின் மேல் எப்போதும் நைட்ரஜன் நிற்க வேண்டும். இறக்கும்போது குழாயை இணைத்த உடனே வால்வைத் திறக்கக் கூடாது. இணைப்புக்குள் அடைபட்ட காற்றை நைட்ரஜனால் சில முறை வெளியேற்றிவிட்டே திறக்க வேண்டும்.